நூறு வருஷப் பலகை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு நீங்கள் போயிருக்க வாய்ப்புக் குறைவு. நியூயார்க், நயாகரா, டிஸ்னிலேண்ட், பிள்ளை வேலை பார்க்கும் கலிஃபோர்னியா, பெண்ணுக்குப் பிரசவம் நடக்கும் நியூஜெர்ஸி என்று சுற்றிவிட்டுத் திரும்புகிற நம்மவர்களுக்கு அயோவாவில் ஒரு ஜோலியும் கிடையாது. விமானத்தில் அதன் தலைக்கு மேலே பறந்திருக்கலாம். கீழே எட்டிப் பார்த்தால் கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாக நிலம். மைலுக்கு ஒரு சாலை. ஒரு கட்டத்தில் மக்காச்சோளம், அடுத்ததில் சோயா. அவ்வளவுதான்.

இறங்கிக் காரில் போனால் சில பண்ணைகளின் வாசலில் ஒரு பலகை தென்படும். 'செஞ்சுரி ஃபார்ம்.' நமக்குச் செஞ்சுரி என்றால் டெண்டுல்கர். அங்கே, ஒரே குடும்பம் ஒரே நிலத்தை நூறு வருஷத்துக்குக் கை மாறாமல் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்கா தன் இருநூறாவது பிறந்தநாளைக் கொண்டாடிய 1976ல் அயோவா அரசு இந்த கௌரவத்தை ஆரம்பித்தது. டெக்ஸாஸ் இரண்டு வருஷம் முந்திக்கொண்டு, 1974லேயே பண்ணைகளுக்கும் மாட்டு ராஞ்ச்களுக்கும் சேர்த்து இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டது. அயோவாவில் விதி எளிமையானது. ஆதியில் வாங்கிய நிலத்தில் குறைந்தது 40 ஏக்கராவது அதே குடும்பத்தின் கையில் நூறு வருஷம் இருந்திருக்க வேண்டும். 2006லிருந்து, 150 வருஷம் தாண்டியவர்களுக்கு 'ஹெரிட்டேஜ் ஃபார்ம்' என்று தனி மரியாதை. இதுவரை 20,000 பண்ணைகளுக்கு மேல் வாங்கிவிட்டன.

பரிசளிப்பு, ஆகஸ்ட் மாதம் டெமாய்ன் நகரில் நடக்கும் மாநிலப் பொருட்காட்சியில். நம் தீவுத்திடல் பொருட்காட்சியைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். டெல்லி அப்பளத்துக்குப் பதில், வெண்ணெயில் செய்த ஆளுயரப் பசு ஒன்று குளிர்பெட்டிக்குள் நிற்கும். அதைப் பார்க்க க்யூ. இன்னொரு பக்கம் மேடையில் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் கூப்பிடுவார்கள். நடுவில் தாத்தா, பக்கத்தில் பாட்டி, மகன், மருமகள், பேரன் கையில் சர்ட்டிபிகேட். க்ளிக். அடுத்த குடும்பம்.

நல்ல காட்சிதான். எனக்கு இதில் புகார் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், சேரவேண்டிய பாராட்டைச் சேர்த்துவிடுகிறேன்.

*

நூறு வருஷம் நிலத்தை வைத்திருப்பது சும்மா இல்லை. 1935ல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் 19 லட்சம். அதாவது பத்தில் ஏழு காலி. நிலம் எங்கும் போய்விடவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வாங்கிப் பெரிதானார். அவரை அடுத்தவர் வாங்கி இன்னும் பெரிதானார். விவசாயிகளின் சராசரி வயது 58ஐத் தாண்டிவிட்டது.

ஆகக் கொடுமையான பரீட்சை 1980களில் வந்தது. அதற்கு முந்தைய பத்து வருஷம் தானிய ஏற்றுமதி அமோகம். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. பாங்குக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தார்கள். 1979ல் மத்திய வங்கி பணவீக்கத்தை அடக்க வட்டியைத் தூக்கியது. 1980ல் சோவியத் யூனியனுக்குத் தானியம் அனுப்பக் கூடாதென்று கார்ட்டர் தடை போட்டார். அயோவாவில் 1981ல் ஏக்கர் சராசரி 2,147 டாலராக இருந்த நிலம், 1986ல் 787 டாலர். நிலத்தை ஈடு காட்டிக் கடன் வாங்கியவன் கதி என்ன ஆகும், யோசித்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் பண்ணை ஏலம். வில்லி நெல்சனும் நீல் யங்கும் ஜான் மெல்லன்காம்பும் சேர்ந்து 1985ல் 'ஃபார்ம் எய்ட்' என்று கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள். கச்சேரியால் பண்ணை பிழைக்குமா? சில பிழைத்தன. பல முழுகின.

இதையெல்லாம் தாண்டி ஒருவர் அந்த மேடையில் நிற்கிறார் என்றால் எழுந்து நின்று கைதட்டலாம். நானும் தட்டுகிறேன்.

இப்போது புகார்.

*

ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவின் நடுப்பகுதியில் நிலத்தைச் சதுர மைலாக அளந்து, அதைக் காலாக வெட்டி விற்றார்கள். கால் சதுர மைல் என்பது 160 ஏக்கர். அதை அவர்கள் சுருக்கமாக 'குவார்ட்டர்' என்பார்கள். சிரிக்காதீர்கள்.

ஒரு புருஷன் பெண்டாட்டி. 160 ஏக்கர். நாலு குழந்தைகள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 40. அந்த நாலு பேருக்கும் தலா நாலு குழந்தைகள். ஆளுக்கு 10. அடுத்த தலைமுறையில் ஆளுக்கு இரண்டரை ஏக்கர். அயோவாவின் அறுவடை மெஷின் இரண்டரை ஏக்கருக்குள் இறங்கினால் ஓட ஆரம்பிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

விருதின் விதியை மறுபடி பாருங்கள். குறைந்தது 40 ஏக்கர். 160 ஏக்கரை ஒரு தடவை நாலாகப் பிரித்தால் தப்பித்தீர்கள். இரண்டாவது தடவை பிரித்தால் பலகை போச்சு. நூறு வருஷத்தில் மூன்று, நாலு தலைமுறை வந்து போயிருக்கும். அப்படியானால், பலகை வாங்கிய பல வீடுகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் நிலத்தோடு இருந்திருக்கிறார், மற்றவர்கள் போயிருக்கிறார்கள். மேடை ஃபோட்டோவில் இருப்பது இருந்தவர். போனவர்களுக்கு அதில் இடமில்லை.

போனவர்கள் யார்? அநேகமாகப் பெண்கள். அப்புறம் சின்னத் தம்பிகள். அப்புறம் அப்பாவோடு ஒத்துப்போகாதவன்.

எல்லாரும் ஏமாற்றப்பட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. நிலத்தைக் கம்பெனியாக மாற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்து, உழுகிறவர் மற்றவர்களுக்குக் குத்தகைப் பணம் அனுப்புகிற குடும்பங்கள் நிறைய உண்டு. அயோவாவின் விளைநிலத்தில் கிட்டத்தட்ட பாதி பெண்களின் பெயரில்தான் இருக்கிறது. கணவனுக்குப் பின்னும் உயிரோடு இருப்பது ஒரு காரணம். தவிர, தங்கியவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருபது வயதிலிருந்து ஐம்பது வயது வரை அப்பாவுக்குக் கீழே சொற்ப சம்பளத்துக்கு உழைத்தவன் அவன். பனியில் கன்று ஈன்றபோது ராத்திரி விழித்திருந்தவன் அவன். சிகாகோவில் ஆபீஸ் வேலை பார்த்த தங்கைக்கும் எனக்கும் எப்படிச் சமபங்கு என்று அவன் கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்.

சமபங்கு கொடுக்க அவன் மனசு வைத்தாலும் கணக்கு விடாது. 2023ல் அயோவாவில் ஏக்கர் சராசரி 11,000 டாலருக்கு மேல். 160 ஏக்கர் என்றால் 17 லட்சம் டாலரைத் தாண்டும். மூன்று பேருடைய பங்கை வாங்க 13 லட்சம் டாலர் கடன். மக்காச்சோளம் விற்று அந்தக் கடனை அடைப்பதற்குள் அவனுக்கும் பேரன் பிறந்துவிடுவான்.

ஆகவே இது வில்லன் இல்லாத கதை. ஆனால், அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். பலகை அவர்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்பதுதான் என் புகார். விடுபட்ட அந்தப் பேரேட்டை ஒரு நாவல் எழுதிவைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

*

ஜேன் ஸ்மைலி எழுதிய 'எ தௌஸண்ட் ஏக்கர்ஸ்.' 1991ல் வந்தது. அடுத்த வருஷம் புலிட்ஸர் பரிசு. லியர் மன்னன் கதையை ஷேக்ஸ்பியரிடமிருந்து உருவி, அயோவாவில் ஒரு கற்பனை மாவட்டத்தில் நட்டிருக்கிறார். 1979. லாரி குக் என்கிற பெரியவருக்கு ஆயிரம் ஏக்கர், மூன்று பெண்கள். ஜின்னி, ரோஸ், கரோலின். பக்கத்துப் பண்ணை விருந்தில் திடீரென்று, நிலத்தைக் கம்பெனியாக்கி உங்கள் மூன்று பேருக்கும் எழுதிவைக்கப் போகிறேன் என்கிறார். மூத்தவர்கள் இருவரும் சரி என்கிறார்கள். நகரத்தில் வக்கீலாக இருக்கும் கடைக்குட்டி கரோலின், யோசிக்கணும்ப்பா என்கிறாள். அவள் முகத்தில் கதவு சாத்தப்படுகிறது.

லியர் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன என்று தெரியும். அப்பா கிறுக்குப் பிடித்தாற்போல் நடந்துகொள்வார், புயல் ராத்திரியில் வெளியே போவார், கடைக்குட்டி அப்பா பக்கம் நிற்பாள். எல்லாம் வருகிறது. ஆனால் ஸ்மைலி ஒரு காரியம் செய்கிறார். கதை சொல்லும் பொறுப்பை மூத்தவள் ஜின்னியிடம் கொடுத்துவிடுகிறார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மூத்த பெண்கள் இருவரும் அப்பாவை விரட்டும் ராட்சசிகள். ஏன் அப்படி ஆனார்கள் என்று நானூறு வருஷமாக நாம் பெரிதாகக் கேட்கவில்லை. ஸ்மைலி கேட்கிறார். பதில் கொடுமையாக இருக்கிறது. அந்த அப்பா, தாயில்லாத அந்த இரண்டு பெண்களையும் பதின்வயதில் சீரழித்தவர். ஜின்னி அதைத் தன் மனதிலிருந்தே துடைத்துவைத்திருக்கிறாள். ரோஸ் துடைக்கவில்லை. தங்கையை அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். அதனால்தான் தங்கைக்கு அப்பா நல்லவர்.

ஊருக்கும் அவர் நல்லவர். ஏனென்றால் வரப்பு நேராக இருக்கிறது, கடன் இல்லை, வீட்டுக்கு வெள்ளை பெயிண்ட் பளிச்சென்று இருக்கிறது. அந்த ஊரில் நல்ல விவசாயி என்றால் நல்ல மனுஷன். நாவலின் மையம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. நிலத்தைச் சிதறாமல் காத்தவன் என்ற ஒரே தகுதி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

நிலத்தைப் பற்றி ஸ்மைலி எழுதும் இடங்களைப் பொறுமையாகப் படியுங்கள். ஜின்னியின் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் பார்க்காமலே நிலத்தை வாங்கிவிட்டு 1890ல் வந்து இறங்கினால், பாதி நிலம் தண்ணீருக்குள். பூமிக்கடியில் களிமண் குழாய்களைப் புதைத்து, வருஷக்கணக்காகத் தோண்டி, தண்ணீரை வடித்துத்தான் அந்தக் கறுப்பு மண் கிடைத்தது. இது கதைக்காகச் சொன்னது இல்லை. வட அயோவாவின் சதுப்பெல்லாம் நிஜமாகவே இப்படித்தான் வயலானது. அந்தக் குழாய் வழியே பின்னாளில் என்ன போகிறது? உரம். அது கிணற்றுக்கு வருகிறது. ஜின்னிக்கு ஐந்து தடவை கரு கலைந்திருக்கிறது. ரோஸுக்குப் புற்றுநோய். குடும்பத்து ரகசியமும் குடிதண்ணீரும் ஒரே மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஓடுகின்றன. ஸ்மைலி இதை வாய்விட்டுச் சொல்லி அடிக்கோடு போடுவதில்லை. நாமாகப் புரிந்துகொள்ளும்போதுதான் திக்கென்கிறது.

குறைகளும் உண்டு. லியரின் ஒவ்வொரு காட்சிக்கும் அயோவாவில் ஒரு ஜோடி கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசிரியருக்குச் சில இடங்களில் பிடிவாதம். நாடகத்தில் க்ளாஸ்டர் பிரபுவின் கண்ணைத் தோண்டுகிறார்களா, இங்கே பக்கத்துப் பண்ணை ஹெரால்டின் கண்ணில் அம்மோனியா உரம் பீய்ச்சி அடிக்கிறது. படிக்கும்போது, ஓஹோ கண் வந்தாச்சு என்று பட்டியலில் டிக் அடிக்கத் தோன்றுகிறது. ஜின்னி தங்கைக்காக விஷம் கலந்த பதார்த்தம் தயாரிப்பதும் அப்படித்தான், கதைக்குள் முழுசாகச் செரிக்கவில்லை. கரோலினுக்கு இன்னும் நாலு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். அப்பாவை அவள் நம்புவதற்கு அவளிடமும் நியாயம் இருக்கிறது. அது நம் காதுக்கு எட்டுவதற்குள் வக்கீல் நோட்டீஸ் வந்துவிடுகிறது.

1997ல் இதைப் படமாக எடுத்தார்கள். ஜெஸிகா லாங்கும் மிஷெல் ஃபைஃபரும் அக்கா தங்கையாக உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார்கள். இருந்தும் படம் தேறவில்லை. நாவலில் மெல்ல மெல்லக் கசியும் விஷயங்களைப் படம் வரிசையாகப் போட்டு உடைக்கிறது. வயல்களை ஜோராகக் காட்டுகிறது, வயலுக்கு அடியில் இருப்பதைக் காட்டவில்லை. டிவிடி கிடைத்தால் நடிப்புக்காக ஒரு முறை பாருங்கள். புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள்.

முடிவு தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பன்றிப் பண்ணையை விஸ்தரிக்க வாங்கிய கடன், அப்பாவும் கரோலினும் போட்ட வழக்கு, அதற்கு மேல் அந்த 1980கள். ஆயிரம் ஏக்கரும் ஒரு கார்ப்பரேஷன் கைக்குப் போகிறது. ஜின்னி மினஸோட்டா மாநிலத்தில் ஓர் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக்கொண்டு, இறந்துபோன ரோஸின் பெண்களை வளர்க்கிறாள். நிலத்தின் வரிபாக்கியில் தன் பங்கைத் தவணையில் கட்டுகிறாள். ஆயிரம் ஏக்கரில் அவளுக்கு வந்த சொத்து அந்தக் கடன்தான். 1890ல் வாங்கிய நிலம் என்று சொன்னேன் அல்லவா? இன்னும் சில வருஷம் தாக்குப்பிடித்திருந்தால், 1990ல் லாரி குக் குடும்பத்துக்குப் பலகை கிடைத்திருக்கும். மேடை ஏறியிருப்பார்கள். க்ளிக். அந்த ஃபோட்டோவில் ஒன்றுமே தெரிந்திருக்காது.

*

ஸ்மைலிக்கு 78 வருஷம் முன்னாலேயே, 1913ல், வில்லா கேதர் 'ஓ பயனியர்ஸ்!' எழுதினார். நெப்ராஸ்காவில் சாகக் கிடக்கும் ஸ்வீடன்காரத் தகப்பன், பிள்ளைகளை விட்டுவிட்டு மகள் அலெக்ஸாண்ட்ராவிடம் பண்ணையை ஒப்படைக்கிறான். பஞ்சத்தில் ஊரே விற்றுவிட்டு ஓடும்போது அவள் கடன் வாங்கி இன்னும் நிலம் வாங்குகிறாள். ஜெயிக்கிறாள். பிற்பாடு நாற்பது வயதில் அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைத்ததும் தம்பிகள் வந்து நிற்கிறார்கள். குடும்பச் சொத்து ஆம்பிளைகளைச் சேர்ந்தது என்கிறார்கள். அந்தச் சொத்தைச் சம்பாதித்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்! கேதரின் நாவல் நிலத்தின் மீது காதல் கொண்ட நாவல். ஸ்மைலியின் நாவல் அந்தக் காதலுக்கு வந்த பில். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நூறு வருஷப் பலகையின் முன்பக்கமும் பின்பக்கமும் கிடைத்துவிடும்.

இரண்டு நாவலிலும் வராத ஒரு விஷயம், முதல் வருஷத்துக்கு முந்தின வருஷம். நூறு வருஷக் கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதிலேயே ஓர் அரசியல் இருக்கிறது. ஓக்லஹோமாவில் 1889 ஏப்ரல் 22, நண்பகல். சைகை கொடுத்ததும் ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் ஓடிப்போய்க் கொடி நட்டு, இது என் நிலம் என்றார்கள். அங்கே பல குடும்பங்களின் நூறு வருஷம் அந்த மத்தியானம் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்தினம் வரை அது செவ்விந்தியர்களிடமிருந்து பெற்ற பூமி.

அயோவாவிலேயே ஒரு கதை உண்டு. மெஸ்க்வாக்கி என்கிற பூர்வகுடியினரை 1840களில் கன்ஸாஸுக்கு அப்புறப்படுத்தினார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். 1857ல் தங்கள் பணத்தைத் திரட்டி, தங்கள் பூமியில் 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆளுக்காள் பிரித்துக்கொள்ளாமல் பொதுவில் வைத்தார்கள். இன்று அது 8,000 ஏக்கருக்கு மேல். 160 வருஷம் தாண்டிவிட்டது. யாரையும் வெளியே அனுப்பாமலும் நிலத்தை வைத்திருக்க முடியும் என்பதற்கு அயோவாவில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதற்காக, எல்லாரும் பங்காளியாக இருந்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தென் மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்களைக் கேளுங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு அரை நூற்றாண்டுக்குள் சுமார் 1.5 கோடி ஏக்கர் சேர்த்தவர்கள். வெள்ளைக்காரக் கோர்ட்டின் மீது நம்பிக்கை இல்லாததால் பலர் உயில் எழுதவில்லை. பேரன் பேத்தி, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் பிரிக்காத பங்கு. கேட்க நன்றாக இருக்கிறதா? நிலத்தையே பார்த்திராத ஒரு தூரத்துப் பங்காளியிடமிருந்து ஒரு வியாபாரி அவருடைய துளிப் பங்கை வாங்குவார். நானும் பங்குதாரர், பிரித்துக் கொடுங்கள் என்று கோர்ட்டுக்குப் போவார். ஐம்பது பேருக்குப் பிரிக்க முடியாது, மொத்தத்தையும் ஏலம் விடு என்று தீர்ப்பு வரும். ஏலத்தில் அவரே எடுப்பார். இந்தத் தில்லுமுல்லைக் கட்டுப்படுத்த 2010ல்தான் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்று வருகின்றன. இதோடு அரசுக் கடன் தருவதில் நிறபேதம் வேறு. வழக்குப் போட்டு 1999ல் விவசாய இலாகாவிடமிருந்து நஷ்டஈடு வாங்கினார்கள். 1920ல் குத்தகைக்காரர்கள் உட்பட 9 லட்சத்துக்கு மேல் இருந்த கறுப்பின விவசாயிகள், 2022ல் 50,000க்கும் கீழே.

ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினால் நிலம் நிற்கிறது. எல்லாரையும் வைத்துக்கொண்டால், சட்டமும் கடனும் எதிராக இருக்கும் ஊரில், நிலம் போய்விடுகிறது. நூறு வருஷம் நிலைப்பது குடும்பத்தின் நற்குணத்தை மட்டும் பொறுத்ததில்லை. பாங்கு, கோர்ட், தோலின் நிறம் எல்லாம் சேர்ந்தது. பலகை அத்தனையையும் அழித்துவிட்டு ஒரு குடும்பப் பெயரை மட்டும் எழுதுகிறது.

மண்ணையும் அது கேட்பதில்லை. மக்காச்சோள மாநிலங்களின் விளைநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, மேல்பரப்புக் கறுப்பு மண்ணை முழுக்க இழந்துவிட்டது என்று 2021ல் ஓர் ஆய்வு சொன்னது. 2015ல் டெமாய்ன் நகரக் குடிநீர் வாரியம், வயல் குழாய்களிலிருந்து ஆற்றுக்கு வரும் நைட்ரேட்டுக்காக மூன்று மாவட்டங்களின் மீது வழக்கே போட்டது. 2017ல் தள்ளுபடியானது. ஸ்மைலி நாவலில் எழுதிய அதே குழாய்கள்!

*

அப்படியானால் பலகையைப் பிடுங்கிவிடலாமா? வேண்டாம். 1980களைத் தாண்டிய அந்தப் பெரியவரிடம் போய், கீழே இறங்குங்க சார் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சொல்லவும் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். நிலத்தை விட்டுப் போனவர்கள் யார் யார்? அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்? அந்தப் பெயர்களையும் மேடையில் வாசிக்கலாம். வெண்ணெய்ப் பசுவைப் பார்க்கவந்த கூட்டம் இன்னும் ஐந்து நிமிஷம் காத்திருக்காதா?

இதைப் படித்துவிட்டு, பாவம் அமெரிக்காக்காரன் என்று நீங்கள் உச்சுக்கொட்ட வேண்டாம். நாம் பாகப்பிரிவினைக்குப் பேர்போனவர்கள், ஒருத்தனுக்கே எழுதிவைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது என்று மார்தட்டலாம். ஆனால், பாகம் பிரித்தபோது எத்தனை பாகம் போட்டார்கள்? ஆண்பிள்ளைகளை எண்ணித்தானே? தமிழ்நாட்டில் 1989லேயே பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தது. நாடு முழுக்க 2005ல். அதற்குப் பிறகும் ரிஜிஸ்டர் ஆபீஸில் அக்கா தங்கைகள் வரிசையாக உட்கார்ந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அண்ணன் மதிய சாப்பாடு வாங்கித் தருவார். ஒரு பட்டுப்புடவையும் எடுத்துத் தருவார்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, இது நம்ம பாட்டன் பூட்டன் நிலம் என்று யாராவது பெருமையாகக் கையைக் காட்டினால், பெருமைப்படுங்கள். பட்டுவிட்டு, அத்தைக்கு என்ன கொடுத்தீங்க என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அத்தை பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள்.